பதினைந்தாம் தேதி மாலை ஆறு மணி

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் மார்ச் மாதம் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ‘சி’ பிளாக் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்.)



இந்த மைக்கைப் பிடித்தால் நான் வழக்கமாகப் பேசுவது வருமான வரி ரிட்டர்ன், நாமினி நியமனம், மூத்த குடிமக்கள் டெபாசிட் இவற்றைப் பற்றித்தான். இன்று செயலாளர் கொடுத்திருக்கும் தலைப்பு வேறு. பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகள் விடுமுறைக்கு இங்கும் அங்கும் போய் வருகிறார்களே, அந்த ஏற்பாட்டை மீறினால் சட்டப்படி என்ன ஆகும் என்பது தலைப்பு.

காரணம் உங்களுக்குத் தெரியும். பொங்கல் விடுமுறையில் நம் மெயின் கேட்டில் ஒருவர் கையில் துணிப்பையோடு முக்கால் மணி நேரம் நின்றார். தன் பெண்ணைப் பார்க்க வந்தவர். கோர்ட் உத்தரவின் நகலைச் செக்யூரிட்டியிடம் காட்டினார். செக்யூரிட்டி வீட்டுக்குப் போன் செய்தார். ‘அனுப்ப வேண்டாம்’ என்று பதில் வந்தது. அவர் பையைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் என்ன நடந்தது என்பதையும் பார்த்தீர்கள். அந்த வீட்டாரிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை.

நான் வக்கீல் அல்ல. பி.காம். படித்துவிட்டு 34 ஆண்டுகள் வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். ஆனால் இந்த விஷயத்தைப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. இந்தத் தவற்றை நானே செய்தவன். அதைக் கடைசியில் சொல்லாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கும் அவன் மனைவிக்கும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து ஆயிற்று. முன்னாள் மருமகள் என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை, பேரனின் அம்மா என்றே சொல்கிறேன். பேரன் அம்மாவோடு திருச்சியில் இருக்கிறான். கோடை விடுமுறையில் மே 1-ஆம் தேதி காலை 10 மணி முதல் 15-ஆம் தேதி மாலை 6 மணி வரை அப்பாவோடு இருக்கலாம், அதன்பின் அப்பாவே கொண்டுபோய் அம்மா வீட்டில் விட வேண்டும் என்பது உத்தரவு. இருவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம். எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். வைகாசி முதல் செவ்வாயில் குலதெய்வம் கோயில் கொடை. அந்த வருடம் அது 17-ஆம் தேதி வந்தது. பேரனுக்கு அப்போது எட்டு வயது. அவனுக்கு மொட்டை போடுவதாக என் மனைவி எப்போதோ நேர்ந்துகொண்டது பாக்கி இருந்தது. மகன் தயங்கினான். “அப்பா, பதினஞ்சாந் தேதி விடணும்” என்றான். நான்தான் சொன்னேன்: “ரெண்டு நாள்தானடா. சாமி காரியம். யாரு வந்து தூக்குல போடப் போறா?”

அம்மாவுக்கு உள்ளதைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுப்பாள் என்று நினைத்து, பையனுக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பச் சொன்னதும் நான்தான். பையனிடமும் சொல்லி வைத்தோம். அம்மா போனில் கேட்டபோது அவனும் காய்ச்சல் என்றான். மறுநாள் மகன் போனை அணைத்து வைத்தான். கொடை முடிந்து, களைப்பாறி, 19-ஆம் தேதி திருச்சியில் கொண்டுபோய் விட்டோம். இரண்டு நாள் என்றது நான்கு நாள் ஆயிற்று.

இதற்குள் எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிப் பேரன் நிற்கும் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான். அவள் அதைப் பார்த்துவிட்டாள். காய்ச்சல் என்று சொன்ன பிள்ளை மேளத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறான். தேதி, நேரம் எல்லாம் அந்தப் படத்தின் கீழேயே இருக்கிறது.

கோர்ட்டில் மனு வந்தது. அந்தப் படம்தான் முதல் ஆவணம். என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பிள்ளையின் கஸ்டடி ஒருவரிடம் இருக்கும். மற்றவருக்கு வாரத்தில் இந்த நாள், விடுமுறையில் இத்தனை நாள் என்று சந்திக்கும் உரிமை இருக்கும். காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, தீபாவளி, பொங்கல், கோடை என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். விசாரணை நடக்கும்போதே தரும் இடைக்கால உத்தரவாக இருக்கலாம், கடைசித் தீர்ப்பாக இருக்கலாம், இருவரும் சமரசம் செய்து எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம். ‘நாங்களே பேசி எழுதியதுதானே, இது கோர்ட் உத்தரவு இல்லையே’ என்று சிலர் நினைக்கிறார்கள். கோர்ட்டில் தாக்கல் செய்து பதிவான சமரசம், கோர்ட்டுக்குக் கொடுத்த வாக்குறுதி. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், உத்தரவை வேண்டுமென்றே மீறுவதையும் கோர்ட்டுக்குக் கொடுத்த வாக்குறுதியை வேண்டுமென்றே மீறுவதையும் ஒரே வரியில்தான் வைத்திருக்கிறது.

மீறினால் என்னென்ன வரும்? படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலாவது, நிறைவேற்று மனு. வக்கீல்கள் ‘இ.பி.’ என்பார்கள். 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின்படி அந்தக் கோர்ட்டின் உத்தரவை ஒரு சிவில் கோர்ட் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். கடன் பாக்கிக்கு வங்கி இ.பி. போட்டு நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இங்கேயும் அதே வழிதான். கீழ்ப்படிய வாய்ப்பிருந்தும் கீழ்ப்படியாதவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், சிவில் சிறையில் வைக்கலாம். ‘பிள்ளையை ஊரைவிட்டு அழைத்துப் போகக் கூடாது’ என்பது போன்ற தடை உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை உண்டு.

இரண்டாவது, கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட் எனப்படும் 1890-ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் இன்றும் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக நடப்பில் இருப்பது. பிள்ளையை ஆஜர்படுத்து என்று கோர்ட் சொல்லியும் செய்யாவிட்டால் அபராதம் 100 ரூபாய் வரை. தொடர்ந்து அடம் பிடித்தால் நாளுக்கு 10 ரூபாய், மொத்தம் 500-க்கு மேல் போகாது. சிரிக்கிறீர்கள். நானும் முதலில் கேட்டபோது சிரித்தேன், நம் சங்கமே பார்க்கிங் மாற்றி நிறுத்தினால் இதைவிட அதிகம் வாங்குகிறது. ஆனால் அதே பிரிவில் அடுத்த வரி இருக்கிறது. பிள்ளையை ஒப்படைப்பதாக உறுதி தரும்வரை சிவில் சிறையில் வைக்கலாம். கோர்ட் நியமித்த கார்டியன், கோர்ட்டின் அதிகாரத்துக்கு எட்டாமல் இருக்கவென்று பிள்ளையை எல்லை தாண்டி அழைத்துப் போனால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிவில் சிறை. பிள்ளையைத் தேடி எடுத்து உரியவரிடம் ஒப்படைக்க உத்தரவிடவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மூன்றாவது, நீதிமன்ற அவமதிப்பு. 1971-ஆம் ஆண்டுச் சட்டம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடும்ப நீதிமன்ற உத்தரவை மீறினாலும் உயர் நீதிமன்றம் இதை விசாரிக்கலாம். மீறல் நடந்து ஒரு வருடத்துக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டால் கோர்ட் ஏற்கலாம். மாட்டிக்கொண்ட பிறகு வாயளவில் கேட்கும் மன்னிப்பை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதெல்லாம் காகிதத்தில்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் வரை போனது. பெயர்கள் நமக்கு வேண்டாம். தாய் தகப்பன் இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள். மகன் ராஜஸ்தானில் அஜ்மீரில் தாயோடு இருந்து படிப்பது, ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் மட்டும் தகப்பனோடு கனடா, அமெரிக்கா போய் வருவது என்று ஏற்பாடு. முழுக்க முழுக்க விடுமுறை ஏற்பாடு. 2022 ஜூன் மாதம் தகப்பன் பையனைக் கனடாவுக்கு அழைத்துப் போனார். ஜூலை 1-ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டும். கொண்டுவரவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவரை அவமதிப்புக் குற்றவாளி என்றது. அதன்பிறகும் வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தது. மே மாதம் ஆறு மாதச் சிறையும் 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. 2,000 ரூபாய்தானே என்று கணக்குப் போடுபவர்கள் இந்த 25 லட்சத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு முறையின்றிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்காக 1980-இல் ஹேக் நகரில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆகவே பிள்ளை வெளிநாடு போய்விட்டால் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு. அதனால்தான் சில உத்தரவுகளில் பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். நம் குடியிருப்பில் துபாய், சிங்கப்பூர் என்று வேலை பார்ப்பவர்கள் அதிகம். விடுமுறைக்கு அழைத்துப் போக விரும்பினால் முதலில் கோர்ட் அனுமதி, பிறகுதான் டிக்கெட்.

நான்காவது, ஆட்கொணர்வு மனு. ஆளைக் காணோம் என்றால்தான் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சட்டப்படி உரிமை இல்லாத ஒருவரிடம் பிள்ளை இருந்தால், அது பெற்றோரில் ஒருவராகவே இருந்தாலும், உறவினராக இருந்தாலும், உயர் நீதிமன்றத்தில் போடலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிள்ளையின் நலனைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

போலீஸில் கடத்தல் என்று புகார் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பெற்றவரே அழைத்துப் போயிருந்தால் போலீஸ் பெரும்பாலும் ‘குடும்ப விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்’ என்றுதான் சொல்கிறது. தகப்பனும் தாயும் இயல்பான காப்பாளர்கள் என்பது காரணம். அதற்காகப் போலீஸே வராது என்று நினைக்க வேண்டாம். கோர்ட் உத்தரவிட்டால் வரும். பாட்டி வீட்டு வாசலில் யூனிஃபார்மோடு இரண்டு பேர் வந்து நிற்கும்போது பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஐந்தாவதுதான் எனக்கு நேர்ந்தது. கஸ்டடி உத்தரவு கல்வெட்டு அல்ல. பிள்ளையின் நலனுக்காக எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் சொன்ன தேதியில் பிள்ளையைத் திருப்பி விடவில்லை என்றால், அடுத்த முறை அவரை நம்பி அனுப்பலாமா என்ற கேள்வி வரும். சிறைக்குப் போகிறவர்கள் சிலர்தான். கிடைத்த நாட்களை இழப்பவர்கள் பலர்.

எங்கள் வழக்கில் நடந்தது அதுதான். மகன் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தான். நீதிபதி ஏற்றுக்கொண்டார். சிறை இல்லை, அபராதம் இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்குப் பேரன் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கக் கூடாது, மாதம் இரண்டு சனிக்கிழமை, காலை பத்தரை முதல் ஒரு மணி வரை, கோர்ட் வளாகத்தில் உள்ள குழந்தைகள் மையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. காலாண்டு விடுமுறை போயிற்று. தீபாவளி போயிற்று.

அந்த அறையைப் பார்த்திராதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சுவரில் பொம்மைப் படங்கள், ஒரு பிளாஸ்டிக் சறுக்கு, நாலைந்து குடும்பங்கள். ஆளுக்கொரு மூலை. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோர் கையிலும் சாப்பாட்டு டப்பா. என் மனைவி முறுக்கும் தேங்காய்ப் பாலும் கொண்டுபோவாள். முதல் சனிக்கிழமை பேரன் தொப்பியைக் கழற்றவே இல்லை, முடி பாதிதான் வளர்ந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே இருந்தவன் திடீரென்று என்னிடம் கேட்டான்: “தாத்தா, நான் காய்ச்சல்னு பொய் சொன்னதாலதான் ஜட்ஜ் கோவிச்சுக்கிட்டாரா?”

அவன் அம்மாவிடமும் இதைக் கேட்டிருக்கிறான். இரண்டு வீட்டிலும் ‘இல்லைடா’ என்றுதான் சொன்னோம். அவன் நம்பினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

34 வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து, ‘ஐயா, நேற்றோடு கெடு முடிந்துவிட்டது, இன்று கட்டினால் அபராத வட்டி உண்டு’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். நகைக் கடன் ஏலத்துக்குப் போகும் நிலையில் வந்து கண்ணீர் விட்டவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக் கெடுதேதி மட்டும் எனக்குத் தேதியாகத் தெரியவில்லை.

இனி, இங்கே சிலர் என்னிடம் தனியாகக் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

‘அவர் மெயின்டனன்ஸ் கொடுப்பதில்லை, நான் ஏன் பிள்ளையைக் காட்ட வேண்டும்?’ நம் சங்கத்தின் மெயின்டனன்ஸ் பாக்கியைச் சொல்லவில்லை, பிள்ளையின் பராமரிப்புத் தொகையைச் சொல்கிறேன். இரண்டும் தனித்தனிக் கணக்கு. ஒரு கணக்கில் பற்று இருப்பதற்காக இன்னொரு கணக்கை முடக்க முடியாது. தொகை வரவில்லை என்றால் அதற்கு வசூல் மனு இருக்கிறது, வாரன்ட் வரை போகலாம். அதேபோல், பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகத் தொகையை நிறுத்துவதும் தவறு. அந்தப் பணம் பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

‘பிள்ளையே போக மாட்டேன் என்கிறதே?’ இது உண்மையாகவும் இருக்கலாம். முடிவு செய்யும் வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தைக் கோர்ட் கேட்கலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. நீதிபதி தனியறையில் பிள்ளையோடு பேசுவதும் உண்டு. ஆனால் கேட்க வேண்டியவர் நீதிபதி. நாமே கேட்டு, நாமே முடிவு செய்து, கேட்டைச் சாத்தக் கூடாது. அங்கே பயமோ ஆபத்தோ இருப்பதாகத் தோன்றினால் தாமதிக்காமல் உத்தரவை மாற்றக் கோரி மனுப் போடுங்கள். பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் 1098 இருக்கவே இருக்கிறது.

‘உண்மையாகவே காய்ச்சல் வந்தால்?’ அன்றைக்கே சொல்லுங்கள். டாக்டர் சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். வீடியோ காலில் பிள்ளையைக் காட்டுங்கள். தவறிய நாட்களுக்குப் பதில் எந்த நாட்கள் என்று நீங்களே எழுதிக் கேளுங்கள். வேண்டுமென்றே மீறியதா என்பதுதான் கோர்ட்டில் முதல் கேள்வி. மறைக்காதவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்.

‘விடுமுறையில் என்னிடம் இருக்கும்போது அவர் தினமும் போன் செய்கிறார், எடுக்க வேண்டுமா?’ எடுங்கள். 2020-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளை யாரிடம் இல்லையோ அவர் தினமும் ஐந்து பத்து நிமிடம் பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும், சந்திப்பு உரிமையைக் கோர்ட்டுகள் தெளிவாக எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இரு பெற்றோரின் அன்பும் பிள்ளையின் உரிமை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 1973-லேயே, நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாத்தா பாட்டிகளின் உடைமையும் இல்லை என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாதி மீறல்கள் நம் வாயிலிருந்துதான் தொடங்குகின்றன. ‘இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே’, ‘கல்யாணம் முடிஞ்சு போகட்டுமே’, ‘அவளுக்கு என்ன தெரியும்’. உத்தரவில் நம் பெயர் இல்லை, ஆகவே நமக்குப் பொறுப்பு இல்லை என்ற நினைப்பு. உத்தரவு தெரிந்தே அதை மீற உதவுகிறவரையும் கோர்ட் கேள்வி கேட்கலாம். அதைவிட, அனுபவிப்பது நம் மகனோ மகளோதான்.

இப்போது நம் கேட்டுக்கு வருவோம். செயற்குழுவின் பரிசீலனைக்கு நான்கு யோசனைகள்.

ஒன்று, யார் பிள்ளையைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் சங்கத்துக்கும் இல்லை, செக்யூரிட்டிக்கும் இல்லை. உத்தரவு உள்ள வீட்டார், விரும்பினால், அதன் நகலை ஒட்டிய உறையில் செயலாளரிடம் கொடுத்து வைக்கலாம்.

இரண்டு, அப்படி வருபவரின் பெயர், வந்த நேரம், வீட்டுக்குப் போன் செய்த நேரம், வந்த பதில், திரும்பிய நேரம் இவ்வளவையும் கேட் பதிவேட்டில் உள்ளபடி எழுத வேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நாளை கோர்ட் கேட்டால் அதுதான் சாட்சி. அந்தத் தேதியின் சிசிடிவி பதிவையும் அழிக்காமல் வைக்க வேண்டும்.

மூன்று, வீட்டாரின் சம்மதம் இல்லாமல் செக்யூரிட்டி எந்தப் பிள்ளையையும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. வந்தவரை வெயிலில் நிறுத்தவும் கூடாது. விசிட்டர் அறையில் ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுப்பதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

நான்கு, இதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வரவே கூடாது. பத்து வயதுப் பிள்ளைகளும் இன்று அம்மாவின் போனைப் பார்க்கிறார்கள்.

கடைசியாக, கோடை விடுமுறைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. உத்தரவு உள்ளவர்கள் இன்று இரவே அதை எடுத்து ஒருமுறை படியுங்கள். தேதி, நேரம், எங்கே ஒப்படைப்பது, யார் அழைத்துப் போவது என்று காலண்டரில் குறியுங்கள். கல்யாணம், கொடை, வளைகாப்பு ஏதாவது குறுக்கே வந்தால் இப்போதே மற்றவருக்கு எழுதிக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் இப்போதே கோர்ட்டில் மனுப் போடுங்கள். மே மாதம் உயர் நீதிமன்றத்துக்கும் கோடை விடுமுறை, அவசர வழக்குகளை மட்டும் விடுமுறைக் கால அமர்வு எடுக்கும். கடைசி நாளில் ஓடினால் நாள் கடந்துவிடும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

எங்கள் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழிந்தபின் பழைய ஏற்பாடு திரும்பக் கிடைத்தது. அதற்குப் பேரனின் அம்மா ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருக்கலாம். அவளுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். மொட்டை போட்டதற்கும் பொய் சொல்லச் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்டு, வக்கீல் யாரும் பார்க்காமல், என் கைப்பட. பதில் வரவில்லை. ஆனால் அடுத்த வருடம் கொடைக்கு இரண்டு வாரம் முன்னதாக மகனுக்குச் செய்தி வந்தது: “இந்த வருஷம் கொடை என்னைக்கு? ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடின்னா கூட்டிட்டுப் போங்க. முடி மட்டும் வேண்டாம்.”

இப்போது ஒவ்வொரு மே 15-ஆம் தேதியும் நானும் மகனோடு திருச்சிக்குப் போகிறேன். ஐந்தேமுக்காலுக்கெல்லாம் அந்தத் தெருமுனையில் வண்டி நிற்கும். பேரன் கேலி செய்கிறான், ‘தாத்தா, இன்னும் கால் மணி நேரம் இருக்கு, ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்க’ என்று. வாங்கிக் கொடுப்பேன். ஆறு மணிக்கு மணியை அழுத்துவோம்.